கடைசி டிராமுக்குப் பிறகு

கடைசி டிராம் பணிமனை போய்ச் சேரட்டும் என்று காத்திருப்போம்.
பிர்னோவில் தண்டவாளம் அதிர்ந்தால்
நிலவறையில் எங்கள் அணுக்கள்
சட்டையில்லாமல் பனியில் நிற்பவர்கள்போல் நடுங்கும்.

பன்னிரண்டரை. யாரோமிர் விளக்கை அணைக்கிறான்.
வனேடியம் ஆக்சைடு,
சோப்புக் குமிழியின் தோலைவிட மெல்லிய படலம்.
லேசர் அதை ஒரு தட்டுத் தட்டும்.
பின்னாலேயே ஒற்றை எலெக்ட்ரான்
ஊடே புகுந்து பார்த்துவிட்டுப் போகும்.
ஒன்றுதான். இரண்டை அனுப்பினால்
வழியில் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி
நேரத்தைக் குழப்பிவிடும்.

எவ்வளவு பின்னால் என்பது என் பொறுப்பு.
ஒரு கண்ணாடியை இரண்டு முடி அகலம் நகர்த்துகிறேன்:
ஒரு பிக்கோ நொடி.
ஒருமுறை இமைப்பதற்குள் அப்படி
முப்பதாயிரம் கோடி கழிந்துவிடும்.
இமைக்காமல் இருந்தும் பயனில்லை.

ஒரு எலெக்ட்ரானுக்கு ஒரு புள்ளி,
ஒரு படத்துக்கு ஒன்பது கோடிப் புள்ளி.
ஒவ்வொன்றுக்கும் படலம் உலோகமாகி,
ஆறி,
ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி ஆகவேண்டும்.
ஆகிறது. சலிக்காமல் ஆகிறது.
திரையில் தெரிவது எந்தக் கணமும் இல்லை,
ஒன்பது கோடிக் கணங்களின் சராசரி.
கட்டுரையில் மட்டும் 'அந்தக் கணம்' என்று எழுதுவோம்.

மூன்று மணி இருக்கும்.
"கிரெனோபிளில் வேலை கிடைத்துவிட்டது, லிபுஷே."
முதுகுக்குப் பின்னால் குரல்.
"கூட்டல் இரண்டு புள்ளி மூன்று" என்றேன்,
காதில் விழுந்தது உள்ளே இறங்குமுன்
வாயில் தயாராக இருந்த எண்.
நான் திரும்பியபோது
அவன் முகம் ஆறிப்போயிருந்தது.

இன்னொரு முறை சொல்லு என்றேன்.
சொன்னான். அதே சொற்கள், அதே வரிசை.
இரண்டாம் தடவை சொல்லும் முகத்தோடு.

நாலு மணி சுமாருக்குப் படலம் கிழிந்தது.
எத்தனையாவது தட்டில் என்று தெரியாது.
கிழிவது ஒருமுறைதான் நடக்கும்,
ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு
எதைப் பார்ப்பது?
சராசரியில் ஒரு ஓரம் கொஞ்சம் மங்கியிருந்தது.
மறதியாய்க் கை பட்டதுபோல.
அவ்வளவுதான்.

"புதுசு ஒன்று போடட்டுமா?"
"போடு."
காபி இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
குனிந்து, மூச்சைப் பிடித்து,
இடுக்கியில் வலைத்தகட்டை எடுத்தான்.
விளக்கடியில் அது நடுங்கியது.

முதல் டிராமுக்கு
இன்னும் அரைமணி நேரம் இருந்தது.