நாலாவது சீட்

ஆறு ஐம்பத்திரண்டு, பன்வேல் ஸ்லோ.
மூன்று பேருக்கென்று செய்த பலகையில்
நாங்கள் நான்கு பேர்.
ஏறிய வரிசைதான் எண்:
ஜன்னலோரம் ஒன்று, சுவர்ணா மாத்ரே.
இரண்டு, அலேயம்மா.
அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த நக்மா, மூன்று.
நான் நான்கு.
பாதி உடம்பு பலகையில்
பாதி மும்பையில்.

பைக்குள் நடுவரின் கடிதம்.
பதினோரு மாதம் கழித்து இரண்டே வரி:
பக்கம் முப்பத்தொன்று, துணைத்தேற்றம் ஏழு,
3412-ஐச் சரிபார்க்கவும்.
மற்றொரு வரி மரியாதை.

என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டாள் அலேயம்மா.
ஷூபர்ட் என்றேன்.
பியானோவா? சர்ச் கொயரில் பாடுகிறவள்.
இது வேறு ஷூபர்ட்.
வெட்டவெளியில் நான்கு கோடுகள் கண்டபடி கிடந்தால்
நான்கையும் தொட்டுப்போகும் கோடு எத்தனை என்று எண்ணியவர்.
எத்தனை?
இரண்டு.
அவ்வளவுதானா என்றாள்.
அவ்வளவுதான். அதற்குத்தான் சம்பளம்.

ஒரு புள்ளி
அது கிடக்கும் கோடு
கோடு கிடக்கும் தளம்.
இந்த அடுக்குக்கு எங்கள் கணக்கில் கொடி என்று பெயர்.
முல்லை படர்வதல்ல, கட்சிக்காரர் ஏற்றுவதுமல்ல.
ஜிடிபி நகர் தண்டவாளத்தோரம்
ஈரச்சேலை தொங்குவதும் அல்ல.
என்றாலும் கொஞ்சம் அது மாதிரி:
கட்டிய கயிறு கட்டியபடி நிற்க
சேலை எவ்வளவு தூரம் ஆடலாமோ
அத்தனை ஆட்டமும் சேர்ந்து ஒரு வெளி.

ரே ரோடு தாண்டி
சுவர்ணாவிடம் ரவிக்கைக் கழுத்து பற்றிப் பேச
நக்மா அலேயம்மாவைத் தாண்டி உட்கார்ந்தாள்.
1324.
சிவ்ரி சேற்றுவாடைக்கு அவளுக்குக் குமட்ட
சுவர்ணா ஜன்னலைக் கொடுத்தாள்.
3124.
கோவண்டியில் இறங்குகிறவள் அலேயம்மா,
நீ முழுசாக உட்கார் என்று எனக்குத் தன் இடம் தந்து
விளிம்புக்குப் போனாள்.
3142.
செம்பூரில் சுவர்ணா,
அடுத்து நான்தானே என்று
என்னைத் தாண்டி வெளிப்பக்கம் நகர்ந்தாள்.

எண்களை விரலால் முழங்காலில் எழுதிப் பார்க்கிறேன்.
மூன்று, நான்கு, ஒன்று, இரண்டு.

நான்கு பேரின் இருபத்துநான்கு வரிசையில்
இருபத்திரண்டு வழுவழுப்பு.
முடிச்சு விழுவது இரண்டில்தான்.
அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை, இங்கே இல்லை.
இந்த இடம் பளிங்கு.
முடிச்சு நாங்கள் ஏறிய இடத்தில்,
ஒருத்தரும் அசையாத முதல் வரிசையில்,
நக்மா ஒரு தடவை நகர்ந்த பிறகும் இருந்த வரிசையில்.
அங்கே ஆறு ஜோடி.
ஜன்னலும் விளிம்பும் நேராக மாறிக்கொள்வது மட்டும்
இந்த வெளியில் நடக்காது.
மிச்சம் ஐந்து திசை.
வெளிக்கு இருப்பதோ நான்கு பரிமாணம்.

எங்கும் வழுவழுப்பு என்று எழுதியிருந்தேன்.
எட்டு மாதம் அந்த வாக்கியத்தின் மேல் வீடு கட்டினேன்.
போய்ச்சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு
புறப்பட்ட இடத்தையும் அதுபோலவே நினைத்துக்கொண்டேன்.

கோவண்டி. அலேயம்மா போனாள்,
வெற்றிடம் மூச்சுவிடுமுன் நிரம்பியது.
மான்குர்ட். சுவர்ணாவும்.
நக்மா கண்ணாடிக்கம்பியில் நெற்றி சாய்த்துத் தூங்குகிறாள்,
டேப்பின் பித்தளை நுனி
பதினாறு அங்குலத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

பென்சில் எடுத்து
துணைத்தேற்றம் ஏழை அடிக்கிறேன்.
கோடு நேராக வரவில்லை, பாலத்தின் மேல் வண்டி.
கீழே கழிமுகம், அதற்கு எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை.

தலைக்கு மேலே ஒரு குரல்:
எங்கே இறங்குவீங்க?
வாஷி.
சரி என்று பையை என் மடியில் வைக்கிறாள்.
இந்த இடம் இப்போது அவளுடையது.
நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.