இருநூறாவது யூனிட்

காலை மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றாறு.
பில் தேதிக்கு இன்னும் மூன்று நாள்.
வாளியில் தொங்கிய ஹீட்டர் ராடைக்
கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
தில்லியின் நவம்பரை அப்படியே
தலையில் ஊற்றிக்கொண்டேன்.
இருநூறு தாண்டாதவரை பில் பூஜ்யம்.

பத்தரைக்கு ஆணையத்தில்
என் விரல்கள் ஆஜர்.
சுருக்கெழுத்து, அப்புறம் தட்டச்சு.
வரிசையில் பதினேழாவது வழக்கு:
பிவாடியில் சோலார் பலகை செய்யும் தனேஜா,
எதிரே
கரியைத் தோண்டி, எரித்து, விற்கும் ஒரு நிறுவனம்.
அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிக்க
இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும்.

தனேஜாவின் வக்கீல் சின்னப் பெண்.
கோட்டின் கை அவள் விரல்வரை இறங்கியிருந்தது.
"நிலம் ஏக்கருக்கு ஒரு ரூபாய்.
ரயில் கூலியில் கழிவு.
கடனைக் கேட்க மறந்துபோன வங்கி.
இவ்வளவுக்குப் பிறகு அவர்கள் மின்சாரம்
எங்களுடையதைவிடப் பதினொரு பைசா மலிவு.
அந்தப் பதினொரு பைசாவைச்
சம்பாதித்தது யார், ஐயா?"

மெஹந்திரத்தா எழுந்தார்.
கழுத்துப் பட்டையை நீவிக்கொண்டார்.
மானியம் என்ற சொல்லுக்கே ஆட்சேபம் என்றார்.
அது ஊக்கத்தொகை.
அது இடைவெளி நிரப்பும் நிதி.
அது தேசத்தின் விளக்கு அணையாமலிருக்கக்
கட்டும் காப்பீடு.
"இலவசம் வேறு ஐயா,
அது இருநூறு யூனிட்காரர்களுக்கு."
அறை சிரித்தது.
என் முடியில் ஈரம் இன்னும் காயவில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்றுதான்
சுருக்கெழுத்து வகுப்பில் சொன்னார்கள்.
வாங்குகிற கையைப் பார்த்து
சொல் மாறும் என்பதை
இந்த நாற்காலியில்தான் படித்தேன்.

சமமான ஆடுகளம், சமமான ஆடுகளம்.
இரண்டு தரப்பும் சேர்த்து இருபத்து மூன்று தடவை.
நான் பள்ளியில் கபடி ஆடியவள்.
கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட
சுண்ணாம்பு யார் கையில் இருக்கிறது என்று
முதலில் பார்க்கத் தெரியும்.

உறுப்பினர் இருமினார்.
மெஹந்திரத்தா இருமினார்.
தனேஜா கைக்குட்டைக்குள்.
ஜன்னலுக்கு வெளியே பாராகம்பா சாலை
பாதியில் முடிந்திருந்தது; மிச்சம் பழுப்பு.
இருமலைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, விதி.
அதற்கு எங்களிடம் குறியும் இல்லை.
பதினொரு பைசாவை அவ்வளவு தேடிய அந்தப் பெண்கூட
அதைக் கணக்கில் கேட்கவில்லை.
நானும் பேசுகிற இடத்தில் இல்லை;
என் நூற்றுத் தொண்ணூற்றாறும்
எங்கோ எரிந்துதான் வந்தது.

அடுத்த வாய்தா பிப்ரவரி பதினாறு.
நடைவழியில் தனேஜா நிறுத்திக் கேட்டார்:
"நாங்கள் சொன்னது எல்லாம் ஏறிவிட்டதா, மேடம்?"
ஏறிவிட்டது என்றேன்.
"பிப்ரவரிவரை பட்டறை இருக்க வேண்டும்" என்று
லிஃப்ட் பொத்தானிடம் சொன்னார்.

இரவு மயூர் விஹாரில்
பால் பாக்கெட்டை ஜன்னல் கம்பிக்கு வெளியே வைத்து
ஃபிரிட்ஜை அணைத்தேன்.
குளிருக்கு இன்னும் பில் வரவில்லை.

விடிந்ததும் எடுத்தேன்.
பால் கெடவில்லை.
பாக்கெட்டின் மேல் மட்டும்
பென்சில் சீவிய தூள் போல ஏதோ.
புறங்கையால் துடைத்துக் கத்தரித்தேன்.

மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றேழு.