கதவளவு

மற்றச் சுவர்களில் ஆணி அடிக்கலாம்.
பாதுகாப்பு அறைச் சுவரில் கூடாது.
குண்டு விழுந்தால் குடும்பமே ஒதுங்கவேண்டிய அறை;
இப்போதைக்கு அதில்
அரிசி மூட்டை, இரண்டு பெட்டி, காற்றுப்போன சைக்கிள்.
ஆனால் அதன் கதவு இரும்பு.
இரும்பென்றால் காந்தம் பிடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு
செங்காங்கில் ஆறு வருடம் ஆனது.

பீப்பிள்ஸ் பார்க் மாடியில்
ஒன்றரை மீட்டர் வெள்ளை ஃபிளானல் கேட்டேன்.
"குழந்தைக்கா?" என்றார் கடைக்காரம்மா.
"கதவுக்கு" என்றேன்.
விலையைக் குறைக்கவில்லை.

எட்டுக் காந்தம்.
மூலைக்கு ஒன்றாக நான்கு,
அவநம்பிக்கைக்கு நான்கு.
பசை வேண்டாம், ஊசி வேண்டாம்,
உள்ளங்கையால் ஒருமுறை தடவினால்
துணி துணியைப் பிடித்துக்கொள்கிறது,
மின்விசிறி மூன்றைத் தாண்டாதவரை.

பலதுறை மருந்தகத்தில் நான் போட்டுத் தேய்த்த சீருடை,
பாதியில் கைவிட்ட சல்வார்,
மேல்மாடி ரொஹாயா திரைச்சீலை மாற்றியபோது
பையோடு தந்த பாத்திக்,
சேந்தனின் கிடங்குச் சட்டைகள்.
தானியப்பெட்டி அட்டையில் வெட்டிய சதுரத்தை வைத்துப்
பென்சில் கோடு. கோட்டுக்கு வெளியே கால் அங்குலம்.
அந்தக் கால் அங்குலத்தில் கஞ்சத்தனம் காட்டி
முதல் வரிசையை இருமுறை பிரித்தேன்.

ரயிலிலும் தைக்கிறேன்.
செங்காங்கிலிருந்து டோபி காட் வரை
உட்கார இடம் கிடைத்தால் இரண்டு சதுரம் இணையும்,
கிடைக்காவிட்டால்
கைப்பைக்குள் நூல் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

சேந்தனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
பதினெட்டு வயதில், படைக்கு முந்திய சோதனையில்,
புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணை
அவர் கண் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.
தக்காளியை அமுக்கித்தான் வாங்குவார்.
அதனால் நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு.
கதவில் முப்பத்தாறு சதுரம்.
பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை,
தீபாவளிச் சந்தை போல எனக்கே கண் கூசியது.
அரிசி எடுக்க வந்தவர் கோப்பையோடு நின்றார்.
"நடுவுல ஏன் பள்ளமா இருக்கு?"

தக்காளி வாங்கத் தெரியாதவர் பேச்சா என்று
வாய்வரை வந்தது.
சொல்லியும்விட்டேன்.
அவர் கதவைத் திறந்தார். முப்பத்தாறும் ஒருக்களித்தன.
அரிசியை அள்ளிக்கொண்டு கழுவப் போனார்.

இரவு கைத்தொலைபேசியில் படமெடுத்து
வண்ணத்தை நீக்கிப் பார்த்தேன்.
சிவப்பு இல்லை, பச்சை இல்லை.
நடுவில் எட்டுச் சதுரம் ஒன்றாகச் சேர்ந்து
கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய மழைநீர்போல
ஒரே கருப்பு.

நல்லவேளை, இன்னும் தைக்கவில்லை.

வெளிறிய துண்டு வேண்டும்.
அவருடைய பழைய சட்டையில் பையைப் பிரித்தேன்.
பைக்கு அடியில், வாங்கிய அன்றைய ஆரஞ்சு.
சுற்றிலும், பத்து வருட வெயிலும் சோப்பும் தின்ற ஆரஞ்சு.
வெளிறியதை நடுவில் ஒட்டினேன்.
பையளவு மீந்த அந்தக் கொழுத்த நிறத்தை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
தையல்பெட்டியில் கிடக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்
எங்கள் வீட்டில் அதிகம் புழங்குவதில்லை.
"இப்போ?" என்று கேட்டேன்.
தள்ளி நின்றார். கண்ணைச் சுருக்கினார்.
எல்ஆர்டி ஒன்று ஜன்னலைக் கடந்தது;
ஓரத்துத் துணுக்கு நடுங்கியது, விழவில்லை.
"மேல, எடது பக்கம், ரெண்டாவது."
"அதுக்கென்ன?"
"ஒண்ணுமில்ல. அது நல்லாருக்கு."

அது என்ன நிறமென்று நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

இன்று மாலை மறுபடி அதே கோப்பை கையில்.
ஒவ்வொரு வரிசைக்கும் எண் எழுதிக் குத்திக்கொண்டிருக்கிறேன்,
நாளை முதல் தையல்.
கதவின் கைப்பிடியைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்,
மின்விசிறியை இரண்டுக்குக் குறைக்கிறார்.

"கீழ போய்ப் பரோட்டா வாங்கிட்டு வரட்டுமா?"