அறுபத்திரண்டு

ஐப்பசிக் கடைசியில் ஓர் இரவு
பாம்பன் இறங்குதளத்து அலைமானி
கடல் நின்றுவிட்டதாகச் சொன்னது.

இரண்டு நாற்பதுக்கு அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
மூன்றுக்கும் அறுபத்திரண்டு.
விடிந்து, பாலத்தில் ரயில் போய்,
கணவாய் ஏலம் முடிந்த பிறகும்
அறுபத்திரண்டு.

நம்புராஜன் போனில் கேட்டார்:
"தண்ணி வத்துதா, ஏறுதா? போட்டை எடுக்கணும்."
ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொன்னேன்.

பழைய கம்பைலரில் பத்து மாதம் ஓடிய கெர்னல்.
புதியதில் சமைத்து ஏற்றிய மூன்றாம் நாள் நின்றது.
இதற்கு மேல் என்ன சாட்சி?
கம்பைலர்காரர்களுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன்.
அனுப்பவில்லை,
மண்டபத்தில் அன்று கரண்டு இல்லை.

கீழக்கரையிலிருந்து ஜுலைகா நாச்சியா வந்தாள்.
கடிதத்தைப் படித்தாள்.
"இது சாட்சி இல்லை, கோபம்.
கூறு போடு."

நானூற்றுப் பன்னிரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள்.
பாதி பழையதில் சமைத்தது, பாதி புதியதில்.
நின்றால் குற்றவாளி புதிய பாதியில்.
நிற்காவிட்டால்?
எத்தனை மணி நேரம் நிற்காவிட்டால்
நிற்கவில்லை என்று அர்த்தம்?
அதற்கு அவளிடமும் பதில் இல்லை.
ஓர் இரவு என்று வைத்துக்கொண்டோம்.

ஒன்பது இரவுகள்.
இடையில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய இரவைச் சேர்க்கவில்லை.
கடைசியில் மிஞ்சியது ஒரே கோப்பு.
தலையில் என் பெயர்.
அதன் கீழே, "இதைத் தொடாதே" என்று
என் கையால் ஒரு குறிப்பு.

அசெம்பிளியைப் பிரித்துப் பரப்பினோம்.
அலை அடித்து சென்சார் பதில் பிந்தினால் மட்டும்
நுழையும் சந்து அது.
சுற்றுக்குள் இருக்க வேண்டிய வாசிப்பு
வாசலுக்கு வெளியே கிடந்தது.
ஒருமுறை கடலைப் பார்த்து
எண்ணை ரெஜிஸ்டரில் முடிந்துகொண்டு
அதையே படித்துக்கொண்டிருந்தது, விடிய விடிய.

"ஏன் மறுபடி பார்க்கவில்லை?"
"நீ சொல்லவில்லையே," என்றாள்,
"இந்த முகவரியில் இருப்பது
நிரலில் யாரும் தொடாமலே மாறும் என்று."

வாலட்டைல். ஒரு சொல்.
பழைய கம்பைலருக்கு அவ்வளவு புத்தி இல்லை,
ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்து வந்தது.
அந்த மந்தத்தில்
பத்து மாதம் எனக்கு நல்ல பேர்.

கடிதத்தை அழித்தேன்.

மாசியில் இன்னொன்று வந்தது.
பாடம் படித்த திமிரில்
என்னையே மூன்று வாரம் குடைந்தேன்.
கண்ட இடமெல்லாம் வாலட்டைலை
உப்புப் போல் தூவினேன்.
என் கோப்பு ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.
அது கம்பைலர்.
ஜுலைகா பதினேழு வரிக்குச் சுருக்கி அனுப்பினாள்.
மறுநாளே பதில்: எங்கள் தவறுதான்.
எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

பாலத்துக்கு அடியில் நீர்
பெண்கடலிலிருந்து ஆண்கடலுக்குப் போகிறதா,
அங்கிருந்து இங்கே வருகிறதா?
வாடை மாதம், கச்சான் மாதம் என்று
எனக்குக்கூட மனப்பாடம்.
நாற்பது வருஷம் அதில் போட்டு ஓட்டும் நம்புராஜன்
ஒரு தெர்மாகோல் துண்டைக் கிள்ளிப்
போட்டுப் பார்க்கிறார்.
நேற்றும் போட்டார்.