அச்சொட்டு

இரண்டு செருப்புக்கும் சேர்த்து ஒரே விலைதான் என்றார் யாக்கப்பு.
எனக்கு இருப்பது ஒன்றரைக் கால் என்று
நான் வாதாடவில்லை.
கஸ்தூரியார் வீதியில் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
கதவோரம் சாய்த்த ஊன்றுகோலிலிருந்து தண்ணீர்
அவருடைய தோல் துண்டுகளை நோக்கி
மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"இடதைக் கழட்டித் தாங்கோ."
தந்தேன்.
றப்பர்ப் பாதம், விரல்கள் ஐந்தும் ஒட்டிப் பிறந்தவை.
திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.
"இதுக்கு அச்சு வேண்டாம். இதுவே அச்சு."

வலதில்தான் சிக்கல்.
பழைய கலண்டர்த் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார்.
கூசியது.
பெருவிரலடியில் புடைப்பு,
நடுவிரல் அயலவன் மேல் ஏறி நிற்கும்,
இரண்டு கால் செய்ய வேண்டியதைப்
பதினேழு வருடம் தனியே செய்த கால்.
அலுமாரி நிறைய மரப்பாதங்கள், ஆறு, ஏழு, எட்டு,
எதற்கும் அது சம்மதிக்கவில்லை.
"உங்கட காலுக்கெண்டு ஒரு அச்சுச் செதுக்கோணும்.
அச்சாரம் ஏதும் தாங்கோ."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்.
ஒரு சொல் அடுத்தடுத்துக் காதில் விழுந்தால்
அன்று இரவு அகராதி என் மடியில் கிடக்கும்.

அச்சு: செருப்புக்காரரிடம் அது மரக்கால்,
காசு அடிக்கிறவனிடம் இரும்பு வாய்.
கொங்கில் ஒரு காலம் காசுக்கே அச்சு என்று பெயராம்,
ஆனை பொறித்திருந்தால் ஆனையச்சு.
அடித்த கருவியின் பெயரை
அடிபட்டதும் வாங்கிக்கொண்டது.
அச்சாரமோ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை.
அகராதி அதைக் கைபிடித்துக் கொண்டுபோய்
சத்தியம் என்ற வடசொல்லின் வாசலில் விடுகிறது.
வண்டியச்சும் அப்படித்தான், அட்சம் தேய்ந்து வந்தது.
மூன்றும் தமிழில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன,
அச்சொட்டாய் ஒரே முகம்,
விசாரித்தால் இரத்த உறவில்லை.

அச்சுவேலிக்கு?
அந்தப் பெயருக்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.
நான் ஒன்றையும் அச்சுக்கு அனுப்பமாட்டேன்.

அச்சம் என்ற சொல்லை மட்டும் தேடவில்லை.
அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
அச்சுவேலிக்குப் போகிற வழியில், ஒரு தோட்ட வரம்பில்,
நாங்கள் திரும்பி வந்து
முதல் முறை வெங்காயத்துக்குக் கொத்தின மண்ணில்,
மீன்ரின் மூடியளவு வட்டமாய்,
பச்சையாய்,
எந்த அரசன் தலையும் பொறிக்காத ஒரு காசு.

அச்சாரத்துக்கு ஆயிரம் ரூபாய்த் தாள் நீட்டியபோது
அதையும் வாசித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தேன், பழக்கதோஷம்.
மூன்று மொழியிலும் பிழையில்லை.
யாக்கப்பு அதை மின்குமிழுக்கு நேரே பிடித்து
உள்ளே மறைந்திருக்கும் உருவத்தைத் தேடினார்.
தேடட்டும்.
ஒரு தாள் மற்றத் தாளைப் போல் இல்லையென்றால் அது கள்ளத்தாள்.
கால் அதற்கு மறுபக்கம்:
ஆயிரம் பேருடையதைப் போல் இருந்தால்
கள்ளக்கால்.
இரண்டையும் கட்டிக்கொண்டு நான்
பஸ் நிலையம் வரை நடந்தேன்.

அடுத்த வியாழன் போனேன்.
செருப்பு இன்னும் தைத்து முடியவில்லை.
"அச்சைப் பாருங்கோ" என்றார், மாப்பிள்ளை காட்டுகிற குரலில்.
என் புடைப்பு, என் ஏறுவிரல், மஞ்சள் மரத்தில்.
குதியில் ஒரு வெடிப்பைக்கூட விடவில்லை மனிசன்.
அளவு பார்க்கவென்று அதை என் காலருகே
இடப்பக்கமாய் வைத்தார்,
நான் றப்பரைக் கழற்றியிருந்த இடத்தில்.

பதினேழு வருடத்துக்குப் பிறகு
தரையில் எனக்கு இரண்டு பாதங்கள்.
இரண்டும் வலது.

சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை,
வேலையில் குறையோ என்று முகம் வாடிவிட்டது.
இல்லை இல்லை, நல்லாயிருக்கு என்று
மரத்தைத் தூக்கித் திருப்பினேன்.
அடியில் என் பெயர், ஊதாப் பேனையால்: தயாநிதி.

நான் தவநிதி.
பேனையை வாங்கி, ஓர் எழுத்தை வெட்டி,
ஓரத்தில் குறி போட்டுத் திருத்தினேன்.
அலுமாரியில் இப்போது எட்டாம் நம்பருக்கு அடுத்ததாய்
நம்பரில்லாமல் நிற்கிறது.