மடிப்பு

பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பத்தாயிரம்.
பத்தாம் திகதி பின்னேரம் ஐந்தரைக்கு
திருக்கடலூரில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்
நெஸ்டமோல்ட் ரின்னுக்குள் பெயர்கள்.

தாய்ச்சீட்டு எனக்கு. அது முறை.
அந்தக் காசில் வாங்கியதுதான் மெஷின்.
யாராவது கட்டாமல் போனால்
நான் கட்ட வேண்டும். அதுவும் முறை.

மூன்றாம் மாதம் எடுத்த சுகிர்தா
நாலாம் மாதம் டோகாவில் இருந்தாள்.
வட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரி, பதில் இல்லை.
அவளுடைய பத்தாயிரத்தை
பிளவுஸ் பிளவுஸாக நான் கட்டி வருகிறேன்:
கொக்கி, பட்டி, ஒரு கலியாண வீட்டின் ஏழு சட்டை.
கொப்பியில் இது இல்லை.
கொப்பியில் அவள் பெயருக்கு நேரே
மாதம் தவறாமல் ஒரு சரி.

இன்னொன்றும் கொப்பியில் இல்லை.

எல்லாப் பெயரையும் நாலாய் மடிப்பேன்.
ஒன்றை மட்டும் கச்சான் சரை போலக் கூராக.
யாருக்கு அவசரமோ அவருக்கு.
எடுக்கிறது என் மகள் ஆரபி, ஆறு வயது.
கூரானதை எடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.
சின்ன விரல் தானாக அங்கேதான் போகும்.

யோகமலரின் மகனுக்குக் காது ஒப்பரேஷன்: கூர்.
மல்காந்தி வீட்டுத் தகரம் காற்றோடு போனது: கூர்.
சுகிர்தாவின் தகப்பனுக்குக் கண்: கூர்.
(போன கிழமை அந்த மனிதர்
சந்தைக்குள் அவ்வளவு தூரத்தில் வந்த என்னைக் கண்டு
ஒழுங்கையால் திரும்பிப் போனார்.)

ஏழாம் மாதம் செபராணிக்கு மடித்தேன்.
எஞ்சின் கடலுக்குள் போய் இருபத்தொரு நாள்,
படகு மணலில்,
மனுசன் அடுத்தவன் வலையில் கூலிக்கு.

ஆரபி ரின்னுக்குள் கையை விட்டாள்.
என்னைப் பார்த்தாள்.
நாலாய் மடித்த ஒன்றை எடுத்தாள்.

றிஸ்மியா.

யாரும் கைதட்டவில்லை.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
வாசலில் பாண் கடதாசியை மென்றுகொண்டு நின்றது.
றிஸ்மியா தன் பெயரை விரித்துப் பார்த்தாள்,
திருப்பிப் பார்த்தாள்.
"நீங்க எனக்கு இன்னும்
கூர் மடிக்கல்லையே, அக்கா" என்றாள்.

முதலில் சிரித்தது மல்காந்தி.
எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
நூலில்லாத ஊசியில் நூல் தேடினேன்.
"ஏன்டி அதை எடுத்தாய்?"
"மற்றது குத்திச்சு."

ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை
றிஸ்மியா எண்ணாமல் செபராணியின் மடியில் வைத்தாள்.
தன் பெயரெழுதிய துண்டை மானுக்கு நீட்டினாள்.
அது மணந்து பார்த்துவிட்டுத் தின்றது.
நான் கொப்பியைத் திறந்து
ஏழுக்கு நேரே செபராணி என்று எழுதினேன்.

மடிப்புத் தெரிந்தவர்களுக்கு
சுகிர்தாவின் சரிகளும் தெரிந்திருக்குமா?
கேட்க வாய் வரவில்லை.
எல்லாரும் போனபிறகு யோகமலர் திரும்பி வந்தாள்.
தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.
ஆறு பிளவுஸ் துணியை மெஷின்மேல் வைத்தாள்.
"அளவு பழையதுதான்" என்றாள்,
செருப்பைத் தேடிக்கொண்டே.