பூஜ்யம் புள்ளி எட்டு

சாட்ஸ்வர்த்தில் ஜனவரி.
கூரைத் தகடு கொதிக்கிறது.
கோயிலில் கொடியேறியாயிற்று.
இன்றிலிருந்து பத்து நாள் உப்பில்லாச் சோறு என்றாள்
நாத்தனார் தயாளி, மஞ்சள் துணியை மடித்தபடி.

என்னால் முடியாது என்றேன்.
நம்பிக்கை போய்விட்டதா என்றாள்.

எப்படிச் சொல்ல?
காலையில் ஒன்று, இரவில் இரண்டு
நான் விழுங்கும் வெள்ளை வில்லையும் ஓர் உப்புதான்,
சோற்றுப்புக்குப் பங்காளி.
அது குறைந்தால் இது ஏறும்.
ஏறினால் நாக்கு குழறும், கால் பின்னும்.
சிஸ்டர் நொம்வூசோ என் அட்டையின் பின்புறம்
ஒரு தராசு வரைந்து காட்டினாள்.
"இதுவும் உசாவோட்டிதான், மா."

மூன்று வருடம் முன்பு
மருந்தை நிறுத்திவிட்டுக் காவடி எடுத்தேன்.
பதினோரு இரவு தூக்கமில்லை.
குளியலறைச் சுவர் முழுக்க மயில் வரைந்தேன்.
கடனுக்குப் பதினாறு சேலை வாங்கி
ஊர்வலத்தில் யார் யாருக்கோ கொடுத்தேன்.
சாமி வந்திருக்கு என்று காலில் விழுந்தார்கள்.

வந்த சாமி மலையேற வேண்டும்.
என்னுடையது ஏறவில்லை,
கற்பூரம் காட்டியும்.

பிறகு மே மாதம்.
கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினேழு அடி.
அதை நடக்க ஒரு பகல் ஆனது.

பொய் சொல்ல மாட்டேன்.
அந்த மயில்களுக்கு ஏங்குகிறேன்.
இப்போது ஊசியில் நூல் கோர்க்க நாலு தடவை.
வாயில் எந்நேரமும்
ஐந்து ரேண்ட் காசைச் சப்பிய ருசி.
பழைய பாவாடை எதுவும் இடுப்புக்கு ஏறுவதில்லை.
ஆனால் பிரேகன் பள்ளியிலிருந்து வந்தால்
கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு
உள்ளே வருவதில்லை.
தள்ளிக்கொண்டு வருகிறான், பசிக்குது என்று.

ரத்தச் சீட்டில் பூஜ்யம் புள்ளி எட்டு.
இந்த மாதத்துக்கு இதுதான் என் ஜாதகம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
எனக்கு உப்பிடுகிறவர் முகம் தெரியாது.
மருந்தகத்தின் நாலாம் ஜன்னலில்
கண்ணாடிக்கு அடியில் பொட்டலத்தைத் தள்ளும்
இரண்டு விரல் தெரியும்.
ஒன்றில் நகம் இல்லை.
அவற்றை நினைக்கிறேன்.

பூசத்தன்று பந்தலில் மோர் ஊற்றினேன்.
வேல் கழற்றிய வாயோடு தயாளி வந்தாள்.
என் கை நடுங்கியது, கோப்பை தளும்பியது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
கோப்பையை அடியில் பிடித்துக்கொண்டாள்.
பத்து நாளுக்குப் பின் முதல் வாய்.

உப்பு போதுமா என்றேன்.

இன்னும் ஒரு கல் போடு என்றாள்.